சும்மா போறதுக்கு ஒரு படகு

"போருக்கா? இன்னொரு போரா? போன வருஷம் போட்டதுலயே வெறும் புழுதிதானேம்மா வந்துச்சு!"

ஜெயப்ரியா போனில் இப்படிக் கத்தியதும், பழைய டிராக்டர் வாங்கக் கடன் கேட்டு அவள் எதிரே உட்கார்ந்திருந்த பேரிகை ஊர்க்காரர் கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிட்டார். ஏதோ சாவுச் செய்தி என்று நினைத்திருப்பார் போல. முகத்தை அதற்கேற்ற மாதிரி வைத்துக்கொண்டார்.

"போர் இல்ல பாப்பா," என்றாள் அந்தப் பக்கம் அம்மா ருக்மணி. "போட்டு. தண்ணியில போவுமே, படகு. அதுக்கு உங்க ஆபீஸ்ல லோன் குடுப்பீங்களான்னு கேக்கறேன்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிட்டாள். பேரிகைக்காரர் மெதுவாக, "யாருக்காச்சும் உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார். "எனக்குத்தான்," என்று சொல்லிவிட்டு அவர் கையெழுத்துப் போடவேண்டிய அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

ஓசூர் பாகலூர் ரோட்டில் இருக்கும் அந்த வண்டிக்கடன் கம்பெனியில் ஜெயப்ரியாவுக்கு இது ஒன்பதாவது வருஷம். டிராக்டர், சரக்கு ஆட்டோ, பைக், ஸ்கூட்டர் என்று எத்தனையோ பேருக்குக் கடன் எழுதியிருக்கிறாள். "மாசம் இவ்வளவுதாங்க, தெரியவே தெரியாது" என்பதை ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்வாள். தமிழில் பத்து, கன்னடத்தில் ஐந்து, தெலுங்கில் ஐந்து. அப்படிப்பட்டவள் தன் அம்மா கேட்ட கேள்விக்கு மட்டும் போனை வைத்துவிட்டாள்.

ருக்மணிக்கு ஐம்பத்தாறு வயது. குருபரப்பள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே மூன்று கிலோமீட்டர் போனால் அவர்கள் ஊர். இரண்டரை ஏக்கரில் செண்டுமல்லியும் தக்காளியும், வீட்டில் மூன்று கறவை மாடு. பூவை பெங்களூர் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் விற்பதிலிருந்து கூலியாட்களுக்குப் பட்டுவாடா செய்வது வரை எல்லாம் ருக்மணிதான். அவள் கணவர் முனிவேல் தண்ணீர் கட்டுவார், மருந்து அடிப்பார், மற்ற நேரத்தில் அபிப்பிராயம் சொல்வார்.

அன்று மத்தியானமே முனிவேல் மகளைக் கூப்பிட்டார்.

"நான் சொன்னேன்னு சொல்லிடாதே. எப்படியாச்சும் அத நிறுத்து. ஊரே சிரிக்கும்."

"நீங்க சொல்லலாமில்லப்பா?"

"நான் சொன்னா கேப்பாளா?"

"சொல்லிப் பாத்தீங்களா?"

"அவ ஆசைப்படறா, பண்ணிக்கட்டும்னு சொன்னேன்."

ஜெயப்ரியா போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை முறைத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தாள். அப்பா அதற்குள் தக்காளி விலைக்குப் போயிருந்தார்.

விஷயம் எங்கே ஆரம்பித்தது என்று ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோதுதான் தெரிந்தது. சித்திரையில் மகளிர் குழுப் பெண்கள் இருபது பேர் ஒரு வேன் எடுத்துக்கொண்டு மலைக்கு டூர் போயிருக்கிறார்கள். அங்கே ஏரியில் படகு. ருக்மணி துடுப்புப் போடுகிறவனிடம் கெஞ்சி, இரண்டு நிமிஷம் தானே போட்டுப் பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான். அவன் துடுப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டான், அவன் வேலை அது. ஆனால் ருக்மணிக்கு அந்த இரண்டு நிமிஷம் கையை விட்டுப் போகவே இல்லை.

"நான் இழுக்கறேன், அது போவுது, பாப்பா. மாடு மாதிரி முரண்டு பண்ணல, டில்லர் மாதிரி கத்தல. இழுத்தா போவுது, விட்டா நிக்குது."

"சரி, ஒரு பரிசல் வாங்கிக்கோ. பதினஞ்சாயிரத்துல முடிஞ்சிடும்."

"பரிசல் சுத்தும். எனக்கு நேரா போவணும்."

"நேரா எங்க போவே? நம்ம ஏரி எவ்வளவு பெருசு? இந்தக் கரையில ஏறி அந்தக் கரையில இறங்கினா அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. திரும்பி வருவேன்."

ஜெயப்ரியா திரும்பிப் பார்த்தாள். முனிவேல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் சாக்கில் எழுந்து போய்விட்டிருந்தார்.

படகும் அம்மா ஏற்கெனவே பார்த்து வைத்துவிட்டாள். கெலமங்கலம் தாண்டி தேன்கனிக்கோட்டை போகிற வழியில் ஒரு ரிசார்ட். பெங்களூர் ஆட்கள் வந்து தங்குவதற்காகக் குளமெல்லாம் வெட்டிக் கட்டியது, ஓடவில்லை, மூடுகிறார்கள். கட்டில், மெத்தை, ஊஞ்சல் எல்லாம் விற்பனைக்கு. பூ ஏற்றிக்கொண்டு போகும் டிரைவர் ஒருவர் மூலம் அம்மாவுக்குச் சேதி வந்திருக்கிறது. பன்னிரண்டு அடி ஃபைபர் படகு, மோட்டாரோடு ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். மேனேஜர் விஜயகுமார் மிகவும் நல்ல மாதிரியாம். பணத்துக்கும் அவரே ஏற்பாடு செய்கிறாராம்.

"நாப்பதாயிரம் கையில குடுத்தா போதும். மீதி மூணு வருஷம், மாசம் ஆறாயிரத்து நானூறுதான். ஒன்றரை வட்டிதான் பாப்பா. தெரியவே தெரியாதுன்னான்."

ஜெயப்ரியாவுக்குக் காது சூடாகிவிட்டது. தன் வாயிலிருந்து வரும் வார்த்தை இன்னொருவன் வாயிலிருந்து தன் அம்மாவிடம் வந்திருக்கிறது.

"அம்மா, அது பிளாட் வட்டி. நீ ரெண்டு வருஷம் கட்டி முடிச்சு பாக்கி அம்பதாயிரம்னு நின்னாலும், அவன் முழு ஒன்றரை லட்சத்துக்கும் வட்டி போட்டுக்கிட்டே இருப்பான். சரியா கணக்குப் போட்டா வருஷத்துக்கு முப்பது பர்சென்ட் கிட்ட வரும்."

"நீங்களும் அப்படித்தான் போடறீங்களா?"

"நாங்க அவ்வளவு இல்ல."

"அப்போ நீயே போட்டுக் குடு."

"உன்கிட்டதான் பேங்க்ல டெபாசிட் இருக்கே! கடன் எதுக்கு?"

ருக்மணி இதையும் யோசித்து வைத்திருந்தாள். "கையில இருக்கறத மொத்தமா எடுத்துக் குடுத்தா போச்சேன்னு இருக்கும். மாசாமாசம் கட்டினா அப்படித் தோணாது."

இதே தந்திரத்தை வைத்துத்தான் ஜெயப்ரியாவின் கம்பெனியில் எல்லோருக்கும் சம்பளம் வருகிறது. ஆனால் அதை அம்மாவிடம் சொல்ல முடியுமா? கிளம்புகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். மத்திகிரியில் தன் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் கணவனிடம் கொட்டித் தீர்த்தாள். அவன் ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கி எழுந்தவன். "வாங்கட்டுமே, ஞாயித்துக்கிழமை நாமளும் போலாம்," என்று சொல்லிவிட்டுத் தலையைத் துவட்டப் போனான். அவனோடு அன்று முழுக்க அவள் பேசவில்லை.

புதன்கிழமை ருக்மணி அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். ஒரு கட்டைப்பை நிறையத் தக்காளி, ஆதார், பேன் கார்டு, பாஸ்புக், நான்கு போட்டோ. கிளை மேனேஜர் கோபி அவளை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

"போட்டுக்குக் குடுக்க முடியாதும்மா," என்றார். "அதுக்கு ஆர்.சி. புக்கு கிடையாது, சேஸிஸ் நம்பர் கிடையாது. கட்டலைன்னா வண்டியத் தூக்கணுமில்ல? தண்ணிக்குள்ள இருந்தா எப்படித் தூக்கறது? நீச்சல் தெரிஞ்ச ஆளத்தான் வசூலுக்குப் போடணும்."

"நான் கட்டிடுவேன் தம்பி."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்று சிரித்த கோபி, ஜெயப்ரியாவின் அம்மா என்பதால் ஒரு வழி கண்டுபிடித்தார். பர்சனல் லோன் ஒன்று போடலாம். பூ விற்ற பணம் மாதாமாதம் பேங்கில் விழுகிறது, சிபில் ஸ்கோர் நன்றாக இருக்கிறது. ஜெயப்ரியா வேண்டாம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். கோபிக்கு அந்த மாதம் டார்கெட்டுக்கு இரண்டு ஃபைல் குறைவு. அவர் கண்ணில் இவள் கண் படவில்லை.

படிவத்தில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தி, "மீன் வளர்ப்புன்னு போட்டுடறேன்," என்றார்.

"எதுக்கு மீனு?" என்றாள் ருக்மணி.

"கடன் எதுக்கு வாங்கறீங்கன்னு கேக்குதும்மா. அதுக்கு ஒரு காரணம் எழுதணும்."

"நான் மீன் வளக்கலையே."

"சும்மா எழுதறதுதான். யாரும் வந்து பாக்க மாட்டாங்க. இல்ல, வீட்டு ரிப்பேர்னு போட்டுக்கலாமா?"

"வீடு நல்லாத்தானே இருக்குது. தம்பி, படகுல போறதுக்குன்னு எழுதுங்க."

"படகுல எங்க போறதுக்கும்மா?"

"எங்கயும் இல்ல. சும்மா போறதுக்கு. அதையே எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

கோபி ஜெயப்ரியாவைப் பார்த்தார். இப்போது மட்டும் பார்க்கத் தெரிந்தது. ஜெயப்ரியா தாழ்ந்த குரலில் பல்லைக் கடித்துக்கொண்டு, "ம்மா, ஊர்ல எல்லாரும் ஏதோ ஒண்ணு எழுதித்தான் வாங்கறாங்க," என்றாள்.

"அவங்களுக்கு என்ன தேவையோ. நான் ஏன் பொய் சொல்லணும்? நான் திருடப் போறேனா? குடிக்கப் போறேனா?"

கவுன்டரில் நின்றிருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "சும்மா" என்ற காரணத்தை அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளவில்லை. ருக்மணி போட்டோக்களை எண்ணி வாங்கிக்கொண்டு, தக்காளியை மட்டும் அங்கே வைத்துவிட்டு, "அப்போ அந்த விஜயகுமாரே போதும். அவன் ஒண்ணும் கேக்கல," என்று கிளம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஜெயப்ரியாவுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஒன்றரை வட்டிக்காரனிடம் அம்மா தனியாகப் போய்க் கையெழுத்துப் போடுவதைவிட, தானும் கூடப் போவது மேல். சனிக்கிழமை லீவு போட்டாள். ருக்மணி, முனிவேல், ஜெயப்ரியா மூன்று பேரும் கெலமங்கலத்தில் பஸ் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனார்கள். வழி முழுக்க முனிவேல், "பாக்கறதுக்குக் காசா பணமா, பாப்போம்," என்று இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

ரிசார்ட்டின் குளம் பச்சையாக, ஓரமெல்லாம் கோரைப்புல் மண்டிக் கிடந்தது. படகு வெள்ளையும் நீலமும். கழுவித்தான் வைத்திருந்தார்கள். விஜயகுமாருக்கு வயது நாற்பது இருக்கும், கூலிங் கிளாஸ், வெயிலிலும் ஷூ. ஜெயப்ரியா வண்டிகளைப் பார்த்துப் பழகிய கண்ணால் படகைச் சுற்றி வந்தாள். முன்பக்கத்தில் ஒரு விரிசலை ஒட்டி மேலே பெயின்ட் அடித்திருந்தது.

"இது என்ன சார்?"

"லேசா உரசினது மேடம். தண்ணி ஒரு சொட்டு வராது."

"மோட்டாரைப் போடுங்க."

விஜயகுமார் மோட்டாரின் கயிற்றைப் பிடித்து இழுத்தார். இருமியது, நின்றது. மறுபடி இழுத்தார். ஏழாவது தடவை கூலிங் கிளாஸைக் கழற்றினார். பத்தாவது தடவை ஷூவைக் கழற்றினார். "நேத்து ஓடுச்சு மேடம்," என்றார்.

"நேத்து வந்திருந்தா வாங்கியிருப்போம்," என்றாள் ஜெயப்ரியா. மனசுக்குள் முதல்முறையாகக் கொஞ்சம் நிம்மதி. முடிந்தது கதை, மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

ருக்மணி அதற்குள் படகில் ஏறி உட்கார்ந்து துடுப்பைக் கையில் எடுத்திருந்தாள். "மோட்டார் யாருக்கு வேணும்? ஏறு பாப்பா."

மிதவைச் சட்டை இல்லாமல் ஏறமாட்டேன் என்று ஜெயப்ரியா பிடிவாதம் பிடித்தாள். இரண்டு வந்தன. ஒன்றுக்குப் பக்கிள் உடைந்திருந்தது. முனிவேல் தன் துண்டைக் கொடுத்தார், அதை வைத்து இடுப்போடு கட்டிக்கொண்டாள். அப்பா எல்லோருடைய செருப்பையும் பையையும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றுவிட்டார்.

படகு முதலில் ஒரு அரைவட்டம் அடித்தது. பிறகு ருக்மணிக்குக் கை பிடிபட்டது. பூக்கூடை தூக்கிய தோள்கள். இரண்டு துடுப்பும் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறின. குளத்தின் நடுவுக்கு வந்ததும் ஜெயப்ரியா ஆரம்பித்தாள். கரையில் அன்னியன் நிற்கும்போது பேசாமல் அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்றாக வந்தது.

"பேங்க்ல இருக்கிற மூணரை லட்சம் எதுக்குன்னு போட்டோம்?"

"ஆஸ்பத்திரி செலவுக்கு. எனக்கோ உங்கப்பாவுக்கோ ஏதாச்சும் வந்தா."

"தெரியுதில்ல? இந்தப் படகுக்கு மாசம் ஆறாயிரத்து நானூறு கட்டுவே. பூ விலை இறங்கினா அந்த டெபாசிட்லதான் கை வெப்பே. அப்புறம் ஏதாச்சும் வந்தா?"

"ஏதாச்சும் வரணும்னே அந்தப் பணம் காத்துக்கிட்டிருக்குது பாப்பா. பாஸ்புக்கப் பாக்கறப்பெல்லாம் எனக்கு எப்போ நெஞ்சு வலி வரும்னு அது கேக்கற மாதிரி இருக்குது."

"கேக்கட்டும்! கேட்டா என்ன? அப்பாவுக்கு ஸ்டென்ட் வெச்சப்போ எண்பதாயிரம் குறைஞ்சுதே, எங்கேர்ந்து வந்துச்சு?"

"நீ ஆபீஸ்ல அட்வான்ஸ் வாங்கினே."

"ஆபீஸ்ல யாரு குடுத்தாங்க? என் கல்யாணச் செயின அடகு வெச்சேன். மீட்கறதுக்குப் பதினாலு மாசம் ஆச்சு. அந்தப் பதினாலு மாசமும் மாமியார் வர்றப்பெல்லாம் கழுத்து வரைக்கும் மூடின சுடிதார் போட்டுக்கிட்டு அலைஞ்சேன். இனிமே அப்படி ஆகக் கூடாதுன்னுதான் உன்கிட்ட சண்டை போட்டு, டெபாசிட் போட வெச்சேன். புரியுதா?"

ருக்மணி துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சேலை நனைந்தது, கவனிக்கவில்லை. படகு தானாகவே மெல்ல நகர்ந்து கோரைப்புல் பக்கம் போனது.

"ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பே?"

"மாட்ட வித்திருப்பேன்."

"அதான் சொல்லல."

கரையிலிருந்து முனிவேல், "என்னா ஆச்சு? தண்ணி வருதா?" என்று கத்தினார். ருக்மணி மகளின் கழுத்தைப் பார்த்தாள். செயின் இருந்தது.

"சரி. வேணாம் விடு. திருப்பறேன்," என்று துடுப்பை எடுத்தாள்.

பத்து நாளாக ஜெயப்ரியா கேட்க விரும்பிய வார்த்தை அது. கேட்டதும் ஏனோ அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. இப்படி ஒரே நொடியில் விட்டுவிடுவதற்கா இத்தனை நாள் உயிரை வாங்கினாள்?

"வேணாம்னு நான் சொன்னேனா?"

"பின்ன இவ்வளவு நேரம் என்னா சொன்னே?"

"அந்த மேனேஜர்கிட்ட கடன் வேணாம்னு சொன்னேன். டெபாசிட்ட உடைக்க வேணாம்னு சொன்னேன். ஆறாயிரத்து நானூறு வேணாம்னு சொன்னேன். மோட்டார்..."

"மோட்டார்தான் ஓடலையே."

"குறுக்க பேசாதம்மா! உனக்கு மாசம் எவ்வளவு கட்ட முடியும்? மாட்டுத் தீவனம், உரம், கூலி எல்லாம் போக. நிஜமாச் சொல்லு. அவன்கிட்ட சொன்ன மாதிரி சொல்லாதே."

ருக்மணி மேலே பார்த்துக் கணக்குப் போட்டாள். "மூவாயிரம். பூ இல்லாத மாசத்துலயும்."

"கையில?"

"இருபத்தஞ்சாயிரம் இருக்குது. குழுவுல எடுத்தது இல்ல, என் பால் காசு."

ஜெயப்ரியா துண்டுக் கட்டை இறுக்கிக்கொண்டே யோசித்தாள். டெபாசிட்டை உடைக்காமல், அதன் பேரிலேயே பேங்கில் கடன் எடுக்கலாம். டெபாசிட்டுக்குக் கிடைக்கிற வட்டிக்கு மேலே ஒரு பர்சென்ட்தான். கட்டத் தவறினால்கூட யாரும் வாசலில் வந்து நிற்க மாட்டார்கள். அங்கே எதற்கு என்று பொய் எழுதவும் வேண்டியதில்லை. அறுபதாயிரம் எடுத்தால் இரண்டு வருஷத்துக்கு மாசம் இரண்டாயிரத்து எழுநூறு சொச்சம். ஆபத்து என்று வந்தால் மீதி முழுசாக அங்கேயே இருக்கும்.

"எண்பத்தஞ்சாயிரம். அதுக்கு மேல ஒரு ரூபா கூட இல்ல. அதுக்குக் குடுத்தா வாங்கு. குடுக்கலைன்னா இந்தப் பேச்ச இனிமே எடுக்கக் கூடாது."

"குடுப்பானா?"

"குடுக்க மாட்டான். நிம்மதியா வீட்டுக்குப் போலாம்."

கரைக்கு வந்து சேர்ந்தபோது விஜயகுமார் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார். ருக்மணி சேலையைப் பிழிந்தபடி பக்கத்தில் நின்றாள். அவர் பேசி முடித்துத் திரும்பியதும் ஜெயப்ரியா தொண்டையைச் செருமிக்கொண்டு பேரத்தை ஆரம்பிக்கப் போனாள். ருக்மணி அவளை முந்திக்கொண்டு, சுத்தமான பெங்களூர் மார்க்கெட் கன்னடத்தில் ஒரு பத்து வாக்கியம் பேசினாள். விஜயகுமாரின் முகம் வெளுத்தது.

"மாசக் கடைசிக்குள்ள இடத்தைக் காலி பண்ணணுமாம்," என்று ருக்மணி மகளுக்குச் சொன்னாள். "மோட்டார் ரெண்டு வருஷமா ஓடலையாம். வந்த விலைக்குத் தள்ளிவிடுன்னு முதலாளி இவன்கிட்ட சொல்றார். அவர்கிட்ட எழுபதாயிரத்துக்குத்தான் கேக்கறாங்கன்னு சொல்லிட்டு, மேல வர்றத இவன் பாக்கெட்ல போட்டுக்கப் பாக்கறான்."

முனிவேல் அப்போதுதான் அபிப்பிராயம் சொன்னார். "நான் அப்பவே நெனச்சேன்."

மோட்டார் இல்லாமல், இரண்டு ஜோடித் துடுப்போடு, உள்ளே தேடி எடுத்த நல்ல மிதவைச் சட்டை மூன்றும் சேர்த்து எழுபத்தெட்டாயிரத்துக்கு முடிந்தது. ஜெயப்ரியா கையால் எழுதி ரசீது வாங்கினாள். விரிசலைப் பற்றியும் ஒரு வரி எழுதச் சொன்னாள். கடன் ஐம்பத்து மூன்றாயிரத்தோடு நின்றது.

இத்தோடு தீர்ந்தது என்றுதான் அவள் நினைத்தாள். அடுத்த வாரம் படகு குட்டியானை வண்டியில், மூக்கு வெளியே நீட்டிக்கொண்டு, அதில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு, சூளகிரி வழியாக ஊருக்கு வந்தது. வந்த பிறகுதான் ஏரியில் விடுவதற்கு அனுமதி வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ருக்மணி ஒரு அலுவலகத்துக்குப் போனால் அவர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். அங்கேயும், "எதுக்கும்மா? மீன் பிடிக்கவா?" என்றுதான் கேட்டார்கள். அங்கேயும் அவள், "சும்மா போறதுக்கு," என்றாள். இப்படி ஆறு வாரம்.

அந்த ஆறு வாரமும் படகு மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் இரண்டு டயர் மேல் உட்கார்ந்திருந்தது. முதல் தவணை கட்டியாயிற்று, படகில் தண்ணீர் படவில்லை. ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். முனிவேல் மழைக்கு நனையாமல் இருக்கட்டும் என்று தீவன மூட்டையை அதற்குள் வைத்து மேலே தார்ப்பாய் போட்டார். ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்தது. அதை எழுப்பினால் பாவம் என்று ருக்மணி இருபத்தொரு நாள் யாரையும் படகைத் தொடவிடவில்லை. ஜெயப்ரியா ஒவ்வொரு போனிலும், "கோழிக்கூண்டுக்கு எழுபத்தெட்டாயிரம்மா," என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். கடைசியில் லீவு போட்டுவிட்டு அவளே அம்மாவோடு போய், ஒரு மேசைக்கு முன்னால் இரண்டு மணி நேரம் நகராமல் உட்கார்ந்தாள். துடுப்பு மட்டும், சொந்தப் பொறுப்பு, மீன் குத்தகைக்காரரின் வலைக்குத் தொந்தரவு கூடாது என்று மூன்று வரியில் ஒரு கடிதம் கிடைத்தது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை படகு ஏரியில் இறங்கியது. தூக்குவதற்கு எட்டு பேர். குத்தகைக்காரர் சந்தோஷ் கரையில் நின்று, "மதகுப் பக்கம் போவாதீங்கக்கா, வலை இருக்குது," என்று பத்து தடவை சொன்னார். மகளிடம் மட்டும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த முனிவேல்தான் முதலில் ஏறி உட்கார்ந்தார்.

ஜெயப்ரியா பதினொரு மணி வரை பொறுத்தாள். பன்னிரண்டு மணிக்கு அவளுக்கு பஸ். படகு அந்தக் கரைக்குப் போய், திரும்பி, பாதி வந்து, மறுபடி அந்தப் பக்கமே போனது. தண்ணீருக்கு மேல் பேச்சு நன்றாகவே கேட்டது. ஆளுக்கு இருபது ரூபாய் வாங்கி ஊர்ப் பிள்ளைகளை ஏற்றலாம், தவணைக்கு ஆச்சு என்று முனிவேல் சொல்லிக்கொண்டிருந்தார். டிக்கெட் போட்டால் அப்புறம் அதுவும் ஒரு பொழப்பாப் போயிடும், பேசாம உக்காருங்க என்று ருக்மணி அதட்டினாள். இல்லை, கொஞ்சம் யோசிச்சுப் பாரு என்றார் அவர். உங்கள இறக்கி விட்டுடுவேன் என்றாள் அவள்.

அப்போதுதான் ஜெயப்ரியாவுக்கு நினைவு வந்தது. அவள் பையும் பர்சும் வீட்டுக்குள் இருக்கின்றன. வீடு பூட்டியிருக்கிறது. சாவி அம்மாவின் இடுப்பில்.

"ம்மா! சாவி!" என்று கையை ஆட்டிக் கத்தினாள்.

ருக்மணி ஒரு துடுப்பை மேலே தூக்கி, சந்தோஷமாகத் திரும்ப ஆட்டினாள்.

"சாவிம்மா!"

முனிவேலும் கையை ஆட்டினார். படகு மெல்லத் திரும்பியது. வருகிறார்கள் என்று நினைத்தாள். வரவில்லை, வலையைச் சுற்றிக்கொண்டு இன்னும் தூரமாக, கோடு போட்ட மாதிரி நேராகப் போனார்கள். இன்றைக்கு இங்கேயே தங்கிவிடலாம் என்று ஜெயப்ரியா போனை எடுத்து, நாளைக் காலை மீட்டிங்குக்குக் கொஞ்சம் தாமதமாக வருவேன் என்று கோபிக்கு ஒரு செய்தி தட்டினாள். ஏன் என்று உடனே கேட்டார். காரணம் எழுதாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஏரிக்கரையில் காய்ந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.